பேர் சொல்லிப் பாடியவர்

அவர் பேரை நான் எழுதப்போவதில்லை. கம்பெனி பேர், சைட் பேர், ஃபோர்மேன் பேர் எதுவும் வராது. என் பேரும் வராது. நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன், விசா மறுபடி புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். பிறவியிலேயே நான் பயந்தாங்கொள்ளி. ஏர்போர்ட் கவுண்டரில் ஆபீசர் என் பாஸ்போர்ட்டைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாலே எனக்குச் சட்டை நனைந்துவிடும். இந்தப் பத்தியை அவர் படித்தால் இத்தோடு தூக்கிப் போட்டுவிடுவார். பேர் சொல்லாத பாட்டு மொட்டைக் கடுதாசி என்பது அவர் கட்சி.

அவர் எங்கள் பஸ் டிரைவர். அஜ்மானில் நாங்கள் தங்குகிற கேம்ப், துபாயில் கட்டட சைட். காலையில் நாலே முக்காலுக்கு நாற்பத்தெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கிளம்புவார். நான் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான், எப்போது ஓய்வு எடுத்தான் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன். பஸ்ஸில் தலையை எண்ணி, எல்லோரும் ஏறியாச்சு என்று பஸ் குரூப்பில் வாட்ஸப் போடுவதும் என் வேலைதான். அதனால் கதவை ஒட்டிய முதல் சீட் எனக்கு. அங்கே உட்கார்ந்தால் அவரைப் பக்கவாட்டில் முழுசாகப் பார்க்கலாம்.

ஷார்ஜாவைத் தாண்டுவதற்குள் எப்படியும் டிராஃபிக்கில் வண்டி நின்றுவிடும். நின்றதும் ரேடியோவை அணைப்பார். நாலு மூலை விளக்கையும் போடுவார். அது டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்ததும், அந்தத் தாளத்துக்கு இவர் ஆரம்பிப்பார். நான் முதல் தடவை கேட்டபோது ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, கண்ணாடி உடைக்கிற சுத்தியல் எங்கே இருக்கிறது என்று தேடினேன். பின்னால் இருந்தவர்கள் தண்ணி ஜக்கைத் தட்ட ஆரம்பித்த பிறகுதான், இது தினமும் நடப்பது என்று புரிந்தது.

ராப். ஐம்பது தாண்டிய மனிதர். அரியலூர்ப் பக்கம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கும் கண்ணாடி, கம்பெனி சட்டையில் மேல் பட்டன் வரை போட்டிருப்பார். வண்டி ஓடும்போது வாயைத் திறக்க மாட்டார். நின்றால்தான் பாட்டு. அதனால் டிராஃபிக் இல்லாத நாளில் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கும். எனக்கு நிம்மதியாக இருக்கும்.

ஏன் என்றால், அவர் பாடியது முந்தின நாள் நடந்தது. அதுவும் பேரோடு, நேரத்தோடு, இடத்தோடு. மெஸ்ஸில் பொதுவில் வைத்த முட்டை இரண்டை எடுத்து ஒளித்தவன், பாத்ரூம் வாளியைப் பூட்டி வைத்தவன், வரிசையில் துண்டோடு நின்றுகொண்டே வீட்டுக்காரியிடம் தான் இப்போது சூப்பர்வைசர் என்று போனில் அளந்தவன், எல்லோரும் வருவார்கள். இல்லை என்பதற்கு அரபியில் சொல்கிற 'மாஃபி'யெல்லாம் கலந்து தமிழில் பாடிவிட்டு, பிகார்க்காரர்களும் நேபாளிகளும் முழிப்பதைக் கண்ணாடியில் பார்த்து, அவர்களுக்காக இந்தியிலும் ஒரு தடவை சொல்லுவார். பஸ்ஸே சிரிக்கும். நேற்று சிரித்தவன் இன்று மாட்டுவான். அதனால் விளக்கு டிக் டிக் என்றதுமே, இன்றைக்கு யார் என்று ஒவ்வொருவனும் பக்கத்து முகத்தைப் பார்ப்பான். நான் முட்டை எடுத்ததில்லை, வாளியைப் பூட்டியதில்லை. இருந்தாலும் எல்லோருக்கும் முன்னால் நான்தான் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஒருநாள் அவர் தன் பேரையே பாடினார். முந்தின நாள் சாயங்காலம் திரும்பி வரும்போது, மேம்பாலத்தில் ஏறுகிற இடத்தில், ஆறே காலுக்குத் தான் இரண்டு நொடி கண் அசந்துவிட்டதாகவும், லாரியின் பின்பக்கம் மிக அருகில் தெரிந்த பிறகே பிரேக்கை மிதித்ததாகவும், வண்டியில் நாற்பத்தெட்டுப் பேர் தூங்கிக்கொண்டிருந்ததாகவும் வந்தது அந்தப் பாட்டு. கடைசியில் தன் பேர், அப்பா பேர், லைசென்ஸ் எடுத்த ஊர் எல்லாம் சொன்னார். ஒருவரும் ஜக்கைத் தட்டவில்லை. இதை ஏன் அண்ணே வெளியே சொல்றீங்க, யாராவது ஆபீசில் போட்டுக் கொடுத்தால் என்ன ஆவது என்று இறங்கும்போது கேட்டேன். உங்க உசுருதானே, உங்களுக்குத் தெரிய வேணாமா என்றார். அன்றிலிருந்து ஒரு வாரம் நான் திரும்பும்போது தூங்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததில்தான் ஒன்று தெரிந்தது. பாட்டில் பேர் வருகிற இடம் நெருங்கும்போது அவர் இடது முழங்கால் நடுங்கும். க்ளட்ச்சை மிதித்திருக்கிற கால்தான். பேன்ட் துணி ஆடுவது எனக்கு நன்றாகத் தெரியும். பேரைச் சொல்லி முடித்ததும் நின்றுவிடும். இவருக்குப் பயமே கிடையாது என்று கேம்ப் முழுக்கப் பேசிக்கொள்வார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பின்சீட்டிலிருந்து என்பார். முதன்முதலில் இங்கே வந்தபோது ஓர் அரபி வீட்டில் டிரைவர் வேலை. அது தொண்ணூறுகளின் கடைசி. அந்த வீட்டு மூத்த மகன் அமெரிக்காவில் படித்துவிட்டு, ஒரு பை நிறையக் கேசட்டோடு திரும்பியிருந்தான். காரில் ஏறியதும் அதைப் போடச் சொல்வான். இவருக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் பாடுகிறவன் கோபமாக இருக்கிறான் என்று மட்டும் தெரிந்தது. என்ன சொல்றான் என்று ஒருநாள் கேட்டுவிட்டார். எந்தத் தெருவில், எந்தப் போலீஸ்காரன், தன் சிநேகிதனை எப்படி அடித்தான் என்று சொல்கிறான் என்றானாம் மகன். பேரோடயா என்று கேட்டிருக்கிறார். பேரோடுதான் என்றானாம். அன்றைக்கு முழுக்க இவருக்குச் சோறு இறங்கவில்லையாம். சொல்லிவிட்டு அவன் உயிரோடு இருக்கிறானா என்பதுதான் இவர் அடுத்துக் கேட்டது.

பிறகு அந்த வீட்டின் இளைய மகன் சிடியோடு வந்தான். அதிலும் பேர் இருந்தது, ஆனால் பாடுகிறவர்களே ஒருவரை ஒருவர் பேர் சொல்லித் திட்டிக்கொண்டார்கள், வரப்புச் சண்டை மாதிரி என்பார். கடைசியாக மூத்தவனின் மகன் பள்ளிக்கூடம் போகிற வயதில் பின்சீட்டில் உட்கார்ந்து போனில் போட்டான். மூக்கில் முனகுகிற மாதிரி ஒரு குரல். இவன் என்ன சொல்றான் தம்பி என்று கேட்டதற்கு, கைக்கடிகாரம் பற்றி என்றதாம் பையன். அப்புறம்? இன்னொரு கைக்கடிகாரம் பற்றி. இதை அவர் பஸ்ஸில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டாவது கடிகாரத்தில் பஸ் சிரித்து ஓயும். கேசட், சிடி, போன் என்று மூன்று இறக்கமாக இறங்கி, பாட்டு இப்போது தரையில் கிடக்கிறது என்று முடிப்பார்.

அந்த வீட்டு வேலை போனதும் இதனால்தான். சமையல்கட்டில் வேலை பார்த்த இலங்கைப் பெண்ணுக்கு ஊரில் தாய் இறந்த செய்தி வந்தும், இரண்டு நாள் போன் பேச விடவில்லையாம். இவர் ஸ்டீரிங்கைத் தட்டிக்கொண்டு அதைப் பாட்டாக முணுமுணுத்திருக்கிறார். வீட்டு எஜமானியின் பேரும் அதில் வந்திருக்கிறது. பின்சீட்டில் இருந்த மூத்த மகன், அம்மா பேர் காதில் விழவும், என்ன பாடுகிறாய் என்று கேட்டான். இவர் அரபியில் அப்படியே சொல்லிவிட்டார். மறு வாரம் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. ஏதாவது மழுப்பியிருக்கலாமே அண்ணே என்றேன் நான். கேட்டா சொல்லணும்ல, கேக்காமயே பாடறேன், கேட்டா சொல்ல மாட்டேனா என்றார். இந்த மனிதரோடு ஒரே வண்டியில் போவதே ஆபத்து என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஆனாலும் சீட்டை மாற்றிக்கொள்ளவில்லை. அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதைச் சொல்லிக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது.

எங்கள் கேம்ப்பில் இன்னொரு ராப் பாடகனும் இருந்தான். எலக்ட்ரீஷியன், இருபத்து நாலு வயது, திருவள்ளூர் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு துபாயில் கடலோரம் போவான். யாரோ நிறுத்திவிட்டுப் போன பெரிய கார்களின் பக்கத்தில் சாய்ந்து நின்று வீடியோ எடுத்துப் போடுவான். பீட் எல்லாம் போனிலேயே போடுவான், நன்றாகவே இருக்கும். ஊரில் ஆயிரக்கணக்கான பேர் அவனைப் பார்த்தார்கள். அவன் பாட்டிலும் பேர் உண்டு. வாட்ச் பேர், ஷூ பேர், கார் பேர்.

ஒருநாள் டிராஃபிக்கில் டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் அவனைப் பிடித்தார். "வாட்ச்சுக்குப் பேரு சொல்ற, செருப்புக்குப் பேரு சொல்ற. ஒன் பக்கத்துக் கட்டில்ல படுத்துருக்கறவன் பேரு ஒன் பாட்டுல எங்கப்பா?"

அவன் முதலில் சிரித்தான். எல்லோரும் அவனையே பார்க்கவும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணா, நீங்க பாடறது பஸ்ஸோட போயிடுது. நான் பாடறது போன்ல போகுது. பேரு சொன்னா நாளைக்கே கேஸ் போட்ருவாங்க. வாட்ச் கேஸ் போடாதுண்ணா."

இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். போனில் ஒருவரைப் பற்றி ஒன்றை அனுப்பி, அவர் புகார் கொடுத்துவிட்டால், போலீஸ், அபராதம், ஜெயில், பிறகு ஊர். ரூமில் தவறான ஜோக்கை ஃபார்வேர்டு செய்துவிட்டாலே நான் ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடப்பேன். டிரைவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார். வண்டி நகர ஆரம்பித்தது. அன்றைக்குப் பாட்டு அவ்வளவுதான்.

மறுநாள் காலை விளக்கைப் போடாமலே பேசினார். பசங்க பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன், இவர்கள் பயந்துபோய்க் கிடக்கிறார்கள், நான் அதை யோசிக்கவே இல்லை என்றார். பையனைப் பார்த்து, "எங்களுக்கு மட்டும் பயம் இல்லயா? பயந்துகிட்டே சொல்றதுதான். வேற என்ன பண்றது" என்றார். அதற்கு அப்புறம் இருவரும் ராசியாகிவிட்டார்கள். அவர் பாட்டுக்குத் தன் பீட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று பையனுக்கு ஆசை. அவன் சீட் கடைசி வரிசையில், அங்கே குரல் சரியாக எட்டாது. அதனால் என்னிடம், அண்ணா முன்னாடி உக்காந்திருக்கீங்க, ஒரு பாட்டை எனக்கு வாய்ஸ் நோட்டாகப் போட்டுவிடுங்க, வெளியே விட மாட்டேன் என்றான். டிரைவரிடமும் கேட்டுக்கொண்டான். அவர் சரி என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

அப்போது ஆகஸ்ட் மாதம். வெயில் காலத்தில் மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். எங்கள் சைட்டிலும் வாசலில் போர்டு மாட்டியிருந்தது. ஆனால் எங்கள் ஃபோர்மேன், அவரும் தமிழ்தான், பேஸ்மெண்ட் நிழல்தானே, அது வெளி இல்லையே என்று ஒரு கணக்குப் போட்டு, பன்னிரண்டு பேரைக் கீழே இறக்கினார். கீழே காற்று கிடையாது, கான்கிரீட்டின் சூடு மட்டும் உண்டு. தாளில் ரெஸ்ட் என்று எழுதிக்கொள் என்றார் என்னிடம். இரண்டு வாரம் அப்படித்தான் எழுதினேன். உன் விசா புதுப்பிக்க ஆபீசில் நான்தான் சொல்ல வேண்டும், நினைவிருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே வேறு சொல்லியிருந்தார். ஊரில் என் மகள் ஒன்பதாம் வகுப்பு. எழுதினேன்.

ஒரு புதன்கிழமை, கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கிற ஷட்டரிங் கார்பெண்டர் ஒருவர் பேஸ்மெண்டில் விழுந்துவிட்டார். எங்கள் பஸ்ஸில் மூன்றாவது வரிசையில் உட்கார்கிறவர், பிகார்க்காரர், யாரோடும் அதிகம் பேசாதவர். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது உடம்பு கொதித்தது, வியர்வையே இல்லை, கண் மேலே செருகியிருந்தது. மணி ஒன்றே முக்கால். ஆம்புலன்ஸ் போன பிறகு ஃபோர்மேன் என்னைத் தனியே கூப்பிட்டார். பன்னிரண்டே காலுக்கு விழுந்ததாக எழுது என்றார். பன்னிரண்டே கால் என்றால் ஓய்வு நேரத்துக்கு முன்னால். அப்போது அது யார் குற்றமும் இல்லை, அவருக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான், ஊருக்கு அனுப்பிவிடலாம். ஒன்றே முக்கால் என்றால் கம்பெனி பதில் சொல்ல வேண்டும், வைத்தியமும் நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டும், ஃபோர்மேன் மாட்டுவார். எழுத்து கோணிப்போனதால் முதலில் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டு, வேறு தாளில் பன்னிரண்டே கால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தது டிரைவர்தான்.

மறுநாள் காலை ஷார்ஜாவில் வண்டி நின்றது. மூன்றாவது வரிசையில் ஒரு இடம் காலி. ரேடியோ அணைந்தது. பையனுக்குக் கொடுத்த வாக்கு நினைவு வர, போனை எடுத்து வாய்ஸ் நோட் பட்டனை அழுத்திப் பிடித்தேன். என்ன பாடப்போகிறார் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காத மூளை.

"வெளிய போர்டுல ரெஸ்ட்டு டைமு,
உள்ள பேஸ்மெண்ட்ல டூட்டி டைமு.
காத்தும் மாஃபி, தண்ணியும் மாஃபி,
கேக்கப் போனா ஆளும் மாஃபி.
விழுந்த நேரம் ஒன்னே முக்கால்,
எழுதுன நேரம் பன்னெண்டே கால்.
எறக்கி விட்டது…"

இங்கே ஃபோர்மேன் பேர் வந்தது, முழுப் பேராக, அப்பா பேரோடு. அவர் முழங்கால் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரைச் சொல்லியும் அது நிற்கவில்லை, இன்னும் வேகமாக ஆடியது. "எழுதி வச்சது…" என்று ஆரம்பித்தார். என் விரல் தானாக எடுபட்டுவிட்டது.

விரலை எடுத்த கணமே வாய்ஸ் நோட் எதிராளிக்குப் போய்விடும். அடுத்து அவர் என் பேரைச் சொன்னதை நாற்பத்தேழு பேரும் கேட்டார்கள், போன் மட்டும் கேட்கவில்லை. முப்பத்தெட்டு நொடி. நான் திரையைப் பார்த்தேன். பையனுக்கு அனுப்பவில்லை நான். கிளம்பும்போது எல்லோரும் ஏறியாச்சு என்று போட்ட பஸ் குரூப் அப்படியே திறந்து கிடந்தது. அதில் ஃபோர்மேன் இருக்கிறார், டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் இருக்கிறார், சேஃப்டிக்காரர் இருக்கிறார். எல்லோருக்கும் அழிக்கிற பட்டனைத் தேடி அமுக்குவதற்குள் நாலு பேர் கேட்டிருந்தார்கள்.

சைட்டில் இறங்கியதும் டிரைவரிடம் போய்ச் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முழுசாப் போயிருக்கா என்று கேட்டார். என் பேருக்கு முன்னாலேயே நின்றுவிட்டது என்றேன். பிறகு, சாப்பிட்டியா என்று கேட்டார்.

அடுத்த இரண்டு நாளை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. போன் அடித்தால் உடம்பு தூக்கிப் போட்டது. கேம்ப் வாசலில் வெள்ளைக் கார் நின்றால், போலீஸ்தான் என்று பின்கட்டுக்குப் போய்விடுவேன். அழித்த வாய்ஸ் நோட் அதற்குள் மூன்று கேம்ப்புக்குப் போய்விட்டது என்று எலக்ட்ரீஷியன் பையன் வந்து சொன்னான், நான் அனுப்பலண்ணா, சத்தியமா என்று அழுதுவிட்டான். ஃபோர்மேன் ஆபீசில், டிரைவர் தன்னையும் தன் தாயையும் கெட்ட வார்த்தையில் பாடியிருப்பதாகவும் போலீசுக்குப் போகப்போவதாகவும் சொல்லியிருந்தார். என்னிடம், மேனேஜர் உன்னைத்தான் அர்த்தம் கேட்பார், கெட்ட வார்த்தை என்று சொல்லிவிடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் சரி என்றேன். யார் எது சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் வடக்கத்திக்காரர், மோசமானவர் இல்லை. அவருடைய கேபினில் நானும் டிரைவரும் மட்டும். மேஜையில் போனை வைத்து அந்த முப்பத்தெட்டு நொடியை ஓட்டினார். என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார். கெட்ட வார்த்தை என்று சொல்ல வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை. வெயிலைப் பற்றிய பாட்டு சார், ரொம்பச் சூடு, காற்று இல்லை, தண்ணி இல்லை, சும்மா விளையாட்டுக்கு ஒருவர் பேர் வருகிறது என்றேன். மேனேஜருக்கும் அது போதும் போலத்தான் இருந்தது. போனை எடுத்துத் தள்ளி வைத்தார். அப்படியே முடிந்திருக்கும்.

டிரைவர் ஓரடி முன்னால் வந்தார். இந்தியில், "சாப், இவரு பயத்துல பாதிதான் சொன்னாரு. நான் சொல்றேன்" என்றார்.

சொன்னார். பஸ்ஸில் பிகார்க்காரர்களுக்குச் சொல்வாரே அப்படி, வரி வரியாக. போர்டு, பேஸ்மெண்ட், காற்று, தண்ணி. விழுந்தது ஒன்றே முக்கால், எழுதியது பன்னிரண்டே கால். இறக்கிவிட்டது என்று ஃபோர்மேன் பேரைச் சொன்னார். இரண்டு முழங்காலும் ஆடின. மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எழுதியது யார் என்று கேட்டார்.

இது வரை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவர் இருந்து நான் பார்த்ததில்லை. என் பேர் அந்தக் கேபினில் விழுவதற்காகக் காத்திருந்தேன்.

"அடுத்த வரி என்னுது இல்ல சாப். இவருது. இவரே சொல்லுவாரு."

சொல்லிவிட்டு, நான் மேஜைக்கு நேராக வரும்படி கொஞ்சம் ஒதுங்கி நின்றார்.

மேனேஜர் ஃபைலைத் திறந்து அந்தத் தாளை என் பக்கம் திருப்பினார். என் கையெழுத்து, கோணலாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால், நான் வேறு மாதிரி சொன்னாலும் கேட்கத் தயாராக இருக்கிறார் என்றுதான் தெரிந்தது. அதுதான் என்னை இன்றும் விடாமல் தின்கிறது. என்ன நேரம் என்று மெதுவாகவே கேட்டார்.

"பன்னெண்டே கால், சார்" என்றேன்.

டிரைவரின் விசாவை ஒரு வாரத்தில் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பினார்கள். போலீஸ் கேஸ் வேண்டாம், அது கம்பெனிக்கும் நல்லதில்லை என்று மேனேஜர் முடித்துவைத்தார். கார்பெண்டரைச் சக்கர நாற்காலியில் விமானம் ஏற்றினார்கள். எனக்கு விசா புதுப்பித்துத் தந்தார்கள். போகிற அன்று டிரைவர் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை, கை கொடுத்தார், உள்ளங்கை சூடாக இருந்தது. எங்கே போனார், அரியலூரிலேயே இருக்கிறாரா, இன்னும் பாடுகிறாரா என்று விசாரிக்க எனக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை.

பையன் அந்த முப்பத்தெட்டு நொடிக்குப் பீட் போட்டான். அவன் போட்டதிலேயே வாட்ச் இல்லாத முதல் பாட்டு அதுதான். அவனுக்கும் பயம் இருந்தது, அதனால் ஃபோர்மேன் பேர் வருகிற இடத்தை வெட்டி எடுத்துவிட்டு அங்கே சத்தமே இல்லாமல் விட்டான். கடைசியில் "எழுதி வச்சது" என்றதும் பாட்டு அப்படியே நின்றுவிடும். பேர் இல்லாததால் யார் மேலும் கேஸ் இல்லை. அது பஹ்ரைன், குவைத், கத்தார் என்று எல்லாக் கேம்ப்புக்கும் போயிற்று. பிறகு ஊருக்கும் போயிற்று. முன்பு போல இப்போது ராப் இல்லை, செத்துவிட்டது என்று யாராவது பேசும்போது இந்தப் பாட்டை மட்டும் விதிவிலக்காகச் சொல்கிறார்கள். நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன்.

போன மாதம் என் மகள் போனில் கூப்பிட்டாள். இப்போது கல்லூரியில் முதல் வருஷம். ஒரு பாட்டு அனுப்பியிருக்கிறேன், கேட்டீங்களா, உங்க கம்பெனி பஸ் மாதிரியே இருக்கு என்றாள். அவளுடைய சிநேகிதிகள் எல்லோரும் அதன் கடைசி இடத்தில் ஆளுக்கொரு பேர் போட்டுப் பாடுகிறார்களாம், எதுவும் பொருந்தவில்லையாம்.

"நெசமாவே அது யாருப்பா? ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

தெரியாதும்மா என்றேன்.